நெல்டா வாங்கிய பச்சை ஃபின்ச்

நெல்டா பர்கெட் தன் அறுபத்தாறாவது வயதில் முதன்முதலாகத் தனியாகப் போய் ஒரு கார் வாங்கினாள். அதைப் பற்றி எங்கள் ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். பழைய கார் விற்கிற ஆர்லோ ஓட்டை வண்டியை அவள் தலையில் கட்டிவிட்டான் என்றார்கள். சொன்னவர்களில் ஒருத்தராவது அவளோடு அந்தக் கார்க் கடைக்குப் போனார்களா என்றால் இல்லை. அவள் புருஷன் வெண்டலைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முதியோர் இல்லத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. பேசுவதற்கு என்ன, வாய்தானே, காசா பணமா.

நெல்டாவைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். இன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான். தட்டில் பட்டாணியை ஒதுக்கி வைத்தால் கரண்டியை நீட்டி, "அதையும் முழுங்கிட்டுப் போடா துரை" என்பாள். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வாயே திறந்ததில்லை. அது கார். வீடு, ஏன் பிள்ளையில்லை என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது, தேவாலயத்துக்கு என்ன கொடுப்பது, யார் கல்யாணத்துக்குப் போவது, எல்லாம் அவள் முடிவு. கார் மட்டும் வெண்டல் முடிவு. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

வெண்டல் எங்கள் ஊர் ஆலையில் கதவு மாட்டுகிறவனாக இருந்தான். ஃபின்ச் என்ற சின்னக் காரை அங்கேதான் செய்தார்கள். எங்கள் ஓஹாயோ மாநிலத்தில் அந்தக் காலத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், புதிதாகக் கல்யாணம் ஆனவள், காலேஜுக்குப் போகிற பிள்ளை, எல்லோரிடமும் ஒரு ஃபின்ச் இருக்கும். அதன் வலதுபக்க முன்கதவு, அதாவது ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் ஏறுகிற கதவு, வெண்டல் கை பட்டது. தேவாலயம் விட்டு எல்லோரும் வண்டியில் ஏறுகிற நேரத்தில் அவன் ஓரமாக நின்று கதவு சாத்துகிற சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு சத்தம் சரியில்லை என்றால் முகம் சுளிப்பான். "பிரசங்கத்துக்குச் சுளிக்கல, கதவுக்குச் சுளிக்கிறான் பாரு" என்று நெல்டா அவன் விலாவில் இடிப்பாள்.

வெளிநாட்டு வண்டி என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. அவனுக்கு மட்டும் என்று சொல்வானேன், எங்கள் யாருக்குமே ஆகாது. யூனியன் கட்டடத்து வாசலில் ஜப்பான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால், திரும்பி வரும்போது அதில் பெரிதாக ஒரு கீறலாவது இருக்கும். தன் சொந்தத் தம்பியைப் புதைக்கப் போன அன்று, மழை கொட்டுகிறது, யாரோ சொந்தக்காரன் தன் ஜப்பான் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறான். வெண்டல் ஏறவில்லை. இருந்த ஒரே கோட்டோடு கல்லறைத் தோட்டம் வரைக்கும் நனைந்துகொண்டே நடந்தான். இப்போது நினைத்தால் கிறுக்குத்தனமாக இருக்கிறது. அன்று நாங்கள் கைதட்டாததுதான் குறை.

ஆலையை மூடினார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு மனசு இல்லை. மூடினார்கள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்துத்தான் வெண்டலுக்கு மறதி ஆரம்பித்தது. சீட்டாட்டத்தில் துருப்பு எது என்று கேட்டான். பின்னால், முடிவெட்டப் போன இடத்தில் பிக்கப் லாரியை ஓடவிட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். ஒரு நாள் காலை நெல்டா முட்டை வறுத்துத் தட்டில் வைத்தபோது, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, "ரொம்ப நன்றிங்க, முட்டை பிரமாதம். நீங்க இந்த வீட்டுக்காரங்களா?" என்று கேட்டான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அன்றைக்கு அழுத அழுகையைத் தன் தங்கையிடம்கூட அவள் சொன்னதில்லை.

கடைசியில் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது அவளைத் தெரியும். "நெல்லி" என்று கூப்பிடுவான். அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை ஆயிற்று. வசந்த காலத்தில் ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து "நெல்லி, குளிருது" என்றான். அதோடு சரி. கோடை முழுக்க அவனுக்கு அவள் யாரோ ஒரு நல்ல பெண்மணி, பழம் கொண்டு வருகிறவள்.

அங்கே வெண்டலைக் கவனித்துக்கொண்டவள் ரொசெல். அலபாமாப் பக்கத்திலிருந்து வந்தவள், வாட்டசாட்டமான பெண், மனசு வெல்லம். அவள்தான் இலையுதிர்காலத் தொடக்கத்தில் நெல்டாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மிஸ் நெல்டா, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஒரு நாளாச்சும் இவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க. கால் போயிட்டே இருக்கு. பனி விழுந்துட்டா அப்புறம் சக்கர நாற்காலிதான், அதுக்கப்புறம் கட்டில்தான்."

நெல்டாவுக்கு அந்த நிமிஷமே மனசில் ஒன்று விழுந்தது. அவன் தன் வீட்டுச் சமையலறையில், தன் நாற்காலியில் உட்கார வேண்டும். உருளைக்கிழங்கு மசியல் மேல் கோழியும் நூடுல்ஸும் ஊற்றி, அவனுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டு எதிரே வைக்க வேண்டும். அந்த வாசனைக்கு, அந்த மேசைக்கு, அவனுக்குள் ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். ஒரே ஒரு தடவை நெல்லி என்பான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு தடவை பிக்கப் லாரியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அதன் படி உயரம். வெண்டல் காலைத் தூக்கினான், தூக்கினான், எட்டவில்லை. கதவைப் பிடித்துத் தொங்கி, அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சரளைக் கல்லில் விழுந்தான். முழங்கையில் ரத்தம் வழிய அவள் எழுந்தபோது, "மன்னிச்சுக்கோங்க மேடம், உங்க டிரஸ் அழுக்காயிடுச்சு" என்றான். அடுத்த வாரமே அவள் லாரியை விற்றுவிட்டு ஆர்லோவின் கடைக்குப் போனாள். தாழ்வான, சின்ன, விலை குறைந்த வண்டி ஒன்று வேண்டும்.

ஆர்லோ ஆலையில் பெயின்ட் பகுதியில் இருந்தவன். வேலை போனதும் பழைய கார்களை வாங்கி விற்க ஆரம்பித்தான். வாயாடி. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களை ஏமாற்ற மாட்டான். வெளியூர்க்காரர்களைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது.

"வா நெல்டா! கரண்டியை வீட்ல வெச்சுட்டு வந்தியா? இந்த வயசுலகூட அதப் பாத்தா எனக்குப் பயந்தான்."

"வாயக் குறை. வண்டியக் காட்டு."

ஆர்லோ நேராக ஒரு சாம்பல் நிற ஜப்பான் வண்டியிடம் அழைத்துக்கொண்டு போனான். ஒரே ஒரு ஆள், அதுவும் ஓய்வுபெற்ற டீச்சர், மழையில்கூட வெளியே எடுக்காமல் வைத்திருந்த வண்டி. டயர் புதுசு. அடியில் துருவே இல்லை. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். துருப்பிடிக்காத அடிப்பாகம் என்பது லாட்டரி விழுந்த மாதிரி.

"சீட் பாரு, கதவு பாரு. கண்ண மூடிட்டு எடுத்துக்கோ. இன்னும் பத்து வருஷம் ஓடும். நீயும் நானும் போய்ச் சேந்தப்புறமும் இது ஓடிட்டிருக்கும்."

"இதுல வெண்டல் ஏற மாட்டான்."

ஆர்லோ தலையைச் சொறிந்தான். "ஏம்மா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. அவனுக்கு இப்ப இது ஜப்பான் வண்டியா ஜெர்மன் வண்டியான்னு எங்க தெரியப்போகுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. நெல்டா அவனைத் தாண்டிப் போனாள். வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே நடந்தாள். கடைசியில், வேலியை ஒட்டி, ஒரு பச்சை ஃபின்ச் நின்றது. வெயிலில் வெளுத்துப் பட்டாணி நிறத்துக்கு வந்திருந்தது. கதவுக்கு அடியில் துரு தின்றிருந்தது. உள்ளே யாரோ சிகரெட்டாகப் பிடித்துத் தள்ளிய வாடை. ஆலை மூடுவதற்கு முந்தைய வருஷத்து வண்டி.

அவள் வலதுபக்க முன்கதவைத் திறந்து சாத்தினாள். மறுபடியும் திறந்து சாத்தினாள்.

"அது வேணாம் நெல்டா. சும்மா சொல்லல. கியர் மாறும்போது உதறுது. அத நான் உதிரிக்கு ஒடைக்கத்தான் வெச்சிருக்கேன்."

"பக்கத்து ஊர் வரைக்கும் போயிட்டு வருமா வராதா?"

"வரும். ஆனா..."

"இத அவனுக்குத் தெரியும் ஆர்லோ. என்னத் தெரியாம இருக்கலாம். இதத் தெரியும். இதுல ஏறி உக்காந்துடுவான்."

ஆர்லோ எவ்வளவோ பேசிப் பார்த்தான். அதே விலைக்குச் சாம்பல் வண்டியைத் தருகிறேன் என்றுகூடச் சொன்னான். அதை அவன் வாயால் கேட்டவர்கள் எங்கள் ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. நெல்டா அசையவில்லை. யாரைக் குறை சொல்வது? நானாக இருந்தாலும் அந்தப் பச்சை வண்டியைத்தான் வாங்கியிருப்பேன். எங்கள் ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் விடியற்காலையிலேயே நூடுல்ஸ் மாவைப் பிசைந்து, தேய்த்து, நறுக்கி மேசை முழுக்கப் பரப்பிக் காயவைத்தாள். கோழியை வேகப்போட்டாள். தேவாலயத்துக்குப் போகவில்லை, அது அவள் வாழ்க்கையில் அபூர்வம். வண்டியின் உள்ளே சோடா உப்பைத் தூவித் தேய்த்துத் துடைத்திருந்தாள். சிகரெட் வாடை பாதி போயிருந்தது. அவன் நாற்காலிக்கு ஒரு மெத்தை போட்டாள். கண்ணாடி முன்னால் நின்று உதட்டுக்குக் கொஞ்சம் சாயம்கூடப் போட்டுக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டுப் பாதியைத் துடைத்துவிட்டாள். வண்டி ஒவ்வொரு கியருக்கும் உதறிக்கொண்டுதான் போனது. போகட்டும், போய்ச் சேர்ந்ததா இல்லையா?

ரொசெல் வெண்டலுக்குத் தொப்பியும் தடித்த கோட்டும் மாட்டிவிட்டு, நடைவண்டியைப் பிடிக்கவைத்து வாசலுக்கு அழைத்து வந்தாள். நெல்டா காரை வாசலோரம் நிறுத்தி, வலதுபக்கக் கதவுக்கு அருகில் நின்றாள். 

வெண்டல் பச்சை வண்டியைப் பார்த்தான். நின்றான்.

நடைவண்டியை விட்டுவிட்டு, தானாக நடந்து வந்தான். "ஐயோ, மிஸ்டர் பர்கெட்!" என்று ரொசெல் பதறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். அவன் காதில் அது விழவில்லை. கதவுக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். சாத்தினான். காதைச் சாய்த்தான். அவன் கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. எத்தனை மாதமாயிற்று அதைப் பார்த்து! 

"மேல சரியா இருக்கு. கீழ ஒரு நூல் எறங்கியிருக்கு" என்றான். குரலும் பழைய குரல். "யார் மாட்டினது இத?"

"நீதான் மாட்டின, வெண்டல்."

"நானா? நான் மாட்டினா எப்படி எறங்கும்? ராத்திரி ஷிஃப்ட்டுக்காரன் வேலை இது. தூங்குமூஞ்சிப் பசங்க."

ரொசெல் விழுந்து விழுந்து சிரித்தாள். நெல்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"சரி, அவனுங்கள நாளைக்குக் கேட்டுக்கலாம். ஏறி உக்காரு. வீட்டுக்குப் போலாம். கோழி நூடுல்ஸ் பண்ணி வெச்சிருக்கேன்."

வெண்டல் சீட்டைப் பார்த்தான். சட்டென்று ஓரடி பின்னால் போனான். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"ஏம்மா, வேலைக்குப் புதுசா? லைன்ல செஞ்சிட்டிருக்கற வண்டியில உக்காரச் சொல்றீங்களே!"

"என்ன?"

"வண்டியில நாம உக்காரக் கூடாதும்மா. வண்டிய வாங்குறவனுக்குத்தான் சீட். எங்க லைன்ல டென்னிஸ்னு ஒருத்தன், கால் வலிக்குதுன்னு அஞ்சு நிமிஷம் உக்காந்தான். சூப்பர்வைசர் பாத்துட்டான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணு புள்ளைங்க அவனுக்கு."

 வெண்டல் அத்தனை வருஷம் ஆலையில் வேலை செய்தான், இப்படி ஒரு விதி இருந்ததை ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? கையைக் கழுவு, கண்ணாடி போடு என்கிற மாதிரி அதுவும் ஒன்று. அந்தச் சாம்பல் நிற வண்டியைக் கொண்டு வந்திருந்தால் அவன் ஒரு வார்த்தை பேசாமல் ஏறி உட்கார்ந்திருப்பான். அது அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. 

"நான் சொல்றேன் மிஸ்டர் பர்கெட், உக்காருங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள் ரொசெல்.

"நீங்க சொல்வீங்க. வேலை போனா நீங்களா சோறு போடுவீங்க? வீட்ல எனக்குக் குடும்பம் இருக்கு."

நெல்டா அவன் கையைப் பிடித்தாள். "வெண்டல், இங்க பாரு. என்னப் பாரு. நான்தான். நெல்லி."

அவன் அவளைப் பார்த்தான். நன்றாக, முழுசாகத்தான் பார்த்தான். பிறகு பரிதாபப்பட்டு, கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். அதில் கோபம் இல்லை, கடுமை இல்லை. யாரோ ஒரு பெண் ஏதோ குழப்பத்தில் இருக்கிறாள், மனசு நோகாமல் சொல்ல வேண்டும் என்கிற பாவனைதான் இருந்தது.

"நெல்லி என் சம்சாரம்மா. ஷிஃப்ட் முடிஞ்சதும் ஆலை கேட்டுக்கு வருவா. அவ கூடத்தான் நான் போவேன்."

சொல்லிவிட்டு வாசல் தூண் பக்கமாக நகர்ந்து, ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டான். ரொசெல் நடைவண்டியைக் கொண்டு போய்க் கொடுத்தாள்.

கல்யாணமான புதிதில் அவர்களிடம் ஒரே வண்டிதான். தினமும் சாயங்காலம் நெல்டாதான் ஆலை கேட்டுக்குப் போய் அவனை அழைத்து வருவாள். அது ஞாபகம் வந்ததும் அவளுக்குப் புதிதாக ஒரு தெம்பு வந்தது. ரொசெலைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். ரோட்டுக்கு வந்து, தபால் நிலையத்தைச் சுற்றி, இல்லத்தின் பாதையில் திரும்பவும் நுழைந்தாள். வழியெல்லாம் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். அவன் எதிரே வந்து நிறுத்தி, லேசாக ஹாரன் அடித்து, ஜன்னலை இறக்கினாள்.

"வெண்டல்! வந்துட்டேன்!"

அவன் அந்த வண்டிக்கு அப்பால், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாரன் சத்தம் கேட்டுக் குனிந்தான். தொப்பி நுனியைத் தொட்டுவிட்டு ஜன்னல் அருகே வந்தான்.

"ஏம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டிய இங்க போடாதீங்க. என் சம்சாரம் வர்ற நேரம். நீங்க இப்படி மறிச்சுட்டு நின்னா அவ எங்க நிறுத்துவா?"

நெல்டா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"எப்ப வருவாங்க?" என்றாள்.

"இப்ப வந்துடுவா. ஒரு நாள்கூட என்னக் காக்க வெச்சதில்ல."

"சரிங்க" என்று சொல்லி, நெல்டா வண்டியை முன்னால் நகர்த்தி இடம் விட்டாள்.